உப்பு பார்க்கிற ஆள்

ஞாயிற்றுக்கிழமை. பொட்ரோப் நகரத்துச் சமையலறை ஜன்னல் வெயில் கொத்துக்கறிச் சட்டிக்குள் விழுகிறது. பாலில் ஊறிய பழைய ரொட்டி, வெங்காயம், முட்டை எல்லாம் சேர்த்துக் குட்ரூன் பிசைகிறாள். உருண்டை பிடிக்குமுன் அந்த ஊர் வழக்கப்படி பச்சைக்கறியைக் கிள்ளி வாயில் போட்டு உப்பு பார்ப்பது அவள் கணவர் டெட்லெஃபின் வேலை. பக்கவாதம் வந்ததிலிருந்து மூன்று மாதமாக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்காலியில் சாய்ந்து ஜன்னலையே பார்க்கிறார். “வாயைத் திற, கிழவா. எப்பவும்போல ஒரு நொட்டை சொல்லு,” என்று விரல்நுனியால் ஊட்டுகிறாள். வாணலியில் வெண்ணெய் பொரிகிறது. அவர் மெதுவாக மெல்கிறார். முகம் சுளிக்கிறது, உதடு கோணுகிறது. “உப்பே... இல்லையேடி, கழுதை!” குட்ரூன் மேலங்கிப் பையில் ஒளித்து வைத்திருந்த உப்பு ஜாடியை எடுக்கிறாள். மூடியைத் திறக்கும் அவசரத்தில் பாதி உப்பு தரையில் கொட்டுகிறது.