நாளுக்கு ஐந்து வார்த்தை

"சின்னசேலத்துலேருந்து நடந்தா வந்தே?"

நாராயணசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எதிரே நின்றவளைப் பார்த்தார். முழங்கால் வரை புழுதி. கையில் ஒரு துணிப்பை.

"ஆமாங்க ஐயா. பஸ்ஸு ஏது? ரோடு பூரா மரத்த வெட்டிப் போட்டுக்கீறாங்க. ஏறி எறங்கி வர்றதுக்குள்ள நேரமாயிடுச்சி."

1987 செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலில் கள்ளக்குறிச்சி அசையாமல் கிடந்தது. கல்வராயன் மலையில் ஆறு மாதம் தங்கி வைத்தியம் பார்க்க வரும் பிரெஞ்சு டாக்டர்களுக்கு, அவர்கள் பேசுவதை மொழிபெயர்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேர்ந்தெடுக்கப் பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர் நாராயணசாமி, மூன்று நாளாக லாட்ஜில் மாட்டிக்கொண்டிருந்தார். விண்ணப்பித்த பன்னிரண்டு பேரில் வந்து சேர்ந்தது இவள் ஒருத்திதான்.

பெயர் செவ்வந்தி. வயது முப்பத்திரண்டு. படிப்பு எட்டாம் வகுப்பு. தொழில் விவசாயக் கூலி. யாரோ விளையாட்டுக்குப் போட்ட விண்ணப்பம் என்றுதான் அவர் ஒதுக்கி வைத்திருந்தார்.

"உக்காரும்மா" என்றவர், பிரெஞ்சில் கேட்டார். "சாப்பிட்டாயா?"

பிரெஞ்சிலேயே பதில் வந்தது. "வழியில் மறியல்காரர்கள் கஞ்சி கொடுத்தார்கள். குடித்தேன். பசி இல்லை."

நாராயணசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். இலக்கணத்தில் ஒரு பிழை இருந்தது. ஆனால் அந்த உச்சரிப்பு! அவரிடம் நாலு வருஷம் படித்தவர்களுக்கே வராத 'ர', தொண்டையிலிருந்து சுத்தமாக வந்து விழுந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லீங்க. நானாதான். பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்ல ஒரு பழைய புக்கு வாங்கினேன். தமிழ்ல அர்த்தம் போட்டது. ஒரு நாளைக்கு அஞ்சு வார்த்தைதான், அதுக்கு மேல தொட மாட்டேன். அந்த அஞ்சும் வாயில வராம ராத்திரி சோறு கெடையாது."

"வார்த்தை சரி. பேச்சு எப்படி வந்துச்சு?"

"கைல இன்னா வேலையோ அதையே பிரெஞ்சுல சொல்லிக்கினு இருப்பேங்க. களை புடுங்கறேன், தண்ணி மொண்டுக்கறேன், கால்ல முள்ளு குத்திடுச்சி, இப்படி. கூட வேல செய்யற பொம்பளைங்க பேய் புடிச்சிக்கிச்சுன்னு வேப்பல அடிச்சி உட்டாங்க."

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"அந்த 'ர' மட்டும் ஆறு மாசம் வரல. அப்புறம் மாசத்துல ஒரு நாள் பாண்டிச்சேரிக்குப் போயி, பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் உடற நேரத்துக்கு வாசலாண்ட நிப்பேன். புள்ளைங்க பேசிக்கினே வருமில்ல, அத கேட்டுக்கினு வந்து அப்படியே சொல்லிப் பாப்பேன்."

நாராயணசாமி டாக்டர்கள் பேசும் வார்த்தைகளை அவளிடம் கேட்டுச் சோதித்தார். நுரையீரல், கல்லீரல் தெரியவில்லை. ரத்தப் பரிசோதனை தெரியவில்லை. வேறு பக்கம் போனார். காய்ச்சல் தெரிந்தது. பால்பல் ஆடுவது தெரிந்தது. தலை பின்னுவது, பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை என்று கேட்பது, இருட்டுக்குப் பயமா என்று கேட்பது, எல்லாம் தண்ணீர்பட்ட பாடாக இருந்தது.

"வெள்ளைக்காரங்க வீட்டுல குழந்தை வளர்த்தியா?"

"நான் வளக்கலீங்க" என்று மட்டும் சொன்னாள்.

"பரவாயில்ல. வைத்திய வார்த்தையெல்லாம் நான் ஒரு வாரத்துல சொல்லித் தந்துடறேன். ஒண்ணு கேக்கறேன். வெயில்ல கூலி வேலை செஞ்சுக்கிட்டு எப்படி இதை விடாம பிடிச்சே? எங்கிட்ட வர்ற பசங்க ரெண்டு மாசத்துல ஓடிப்போயிடுவாங்க."

"அவங்க பரீட்சைக்குப் படிக்கறாங்க. தவறிப்போனா அடுத்த தபா எழுதிக்கலாம். எனக்கு ஒரே ஒரு தபாதான் ஐயா."

அவர் அதற்கு மேல் யோசிக்கவில்லை. காகிதத்தை எடுத்து எழுதினார்.

"உன்னை எடுத்தாச்சு. மாசம் தொள்ளாயிரம் ரூபா, சாப்பாடு தனி. ஒண்ணாந்தேதி மலை மேல கரியாலூருக்கு வந்துடணும்."

செவ்வந்தி காகிதத்தை வாங்கவில்லை. "ஒண்ணாந்தேதி முடியாதுங்க. அன்னிலேருந்து பத்து நாளு நான் பாண்டிச்சேரில இருக்கணும்."

"என்னம்மா இது? டாக்டருங்க காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க. வேற ஆள் போட்டுடுவாங்க."

"போட்டுக்கட்டுங்க."

"அப்போ எதுக்கு இத்தனை மரம் தாண்டி இன்டர்வியூக்கு வந்தே?"

"பிரெஞ்சு தெரிஞ்சவங்க முன்னால ஒரு தபாகூட பேசிப் பாத்ததில்லீங்க. நான் பேசறது கேக்கறவங்களுக்குப் புரியுதான்னு தெரிஞ்சிக்கத்தான் வந்தேன். புரியுதுங்களா?"

"நல்லாவே புரியுது. யாருக்கும்மா புரியணும்?"

செவ்வந்தி எழுந்து துணிப்பையை எடுத்துக்கொண்டாள்.

"எம் பொண்ணுக்குங்க. ரெண்டு வயசுல பிரெஞ்சுக்காரங்களுக்குத் தத்துக் குடுத்துட்டேன், ஒண்ணாந்தேதி என்னைப் பாக்க வருது. ஏன் குடுத்தேன்னு நடுவுல ஆள் இல்லாம நானே சொல்லணும்."