வேலி தாண்டிய பிஸ்கட்

"சோதனை முடிவு வரட்டும், வென்டல். வந்த மறுநாளே உன் காளையை அடிமாட்டுச் சந்தைக்கு ஏத்திடணும்."

காபிக் கடையில் எல்லோர் முன்னாலும் ஆர்லன் இப்படிச் சொன்னார். வென்டல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மணல்மேட்டில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மேய்ச்சல் நிலம். நடுவே ஒரே முள்கம்பி வேலி. எங்கள் பக்கத்தில் வேலிக்கு ஒரு கணக்கு உண்டு. இருவரும் வேலியின் மத்தியில் எதிரெதிரே நிற்க வேண்டும். அவரவர் வலதுகைப் பக்கம் இருக்கும் பாதி அவரவர் பொறுப்பு.

போன வருஷக் கோடையில் கம்பி விழுந்தது வென்டலின் பாதியில். அவருடைய காளை பிஸ்கட் அந்த வழியாக ஆர்லனின் பசுக்களிடம் போய், சாவகாசமாக விருந்தாடிவிட்டுத் திரும்பியது.

ஆர்லனின் காளைக்கு வம்சப் பத்திரமே ஒரு முழம் நீளம். பிஸ்கட்டுக்கு அப்பன் பெயரே தெரியாது. பனிப்புயலில் தாய் செத்த கன்றை வென்டல் சமையலறையில் வைத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது ஓடி வரும். அவரிடம் இருந்த ஒரே காளையும் அதுதான்.

ஆனாலும் அவர் மறுத்துப் பேசவில்லை. பக்கத்து வேலிக்காரனைப் பகைத்துக்கொண்டு எங்கள் ஊரில் ஒரு பனிக்காலத்தைத் தாண்ட முடியாது.

இரண்டு காளையும் கறுப்பு, பிறந்த கன்றுகளும் கறுப்பு. எது யார் பிள்ளை என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால் ஆர்லன் கன்றுகளின் வால்மயிரை வேரோடு பிடுங்கி மரபணு சோதனைக் கம்பெனிக்கு அனுப்பினார். பிஸ்கட்டின் மயிரை வென்டலே பிடுங்கி உறையில் போட்டுக் கொடுத்தார்.

முடிவு வந்தது. எந்தக் கன்றுக்கு எது அப்பன் என்பதோடு கம்பெனி நிற்கவில்லை. கறியில் கொழுப்பு ஓடும் விதம், மென்மை, தின்ற தீனிக்கு வளர்த்தி என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டிருந்தார்கள். ஆர்லன் படித்துப் பார்த்துவிட்டு, இவர்கள் ஃபிராடுகள் என்றார். அதே கன்றுகளின் மயிரை வேறொரு கம்பெனிக்கு அனுப்பினார்.

அதுவும் வந்ததும் இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒருத்தன் பத்துக்கு மார்க் போடறான், இன்னொருத்தன் நூத்துக்குப் போடறான். இவன் மென்மைங்கற கன்னுக்குட்டியை அவன் சுமார்ங்கறான். எதை நம்பறது?"

அவர் மனைவி ஜோலீன் எட்டிப் பார்த்தாள்.

"மத்ததுல அடிச்சுக்கட்டும். ஒண்ணுல ரெண்டு பேரும் ஒத்துப்போறாங்களே. மேல நிக்கறது எல்லாமே பிஸ்கட் பிள்ளைங்க. உங்க ராஜவம்சம்தான் அடியில கெடக்கு."

இதை வெளியே மூச்சு விடக்கூடாது என்றார் ஆர்லன்.

முடிவு வந்த சேதி தபால்காரர் மூலம் வென்டலுக்கு எட்டிவிட்டது. மறுநாள் காபிக் கடை வாசலில் வென்டலின் வண்டி நின்றது. பின்னால் இணைத்த கூண்டில் பிஸ்கட். கடைக்குள்ளே அவர் முன்னால் வைத்த ஆப்பிள் பலகாரம் அப்படியே இருந்தது.

ஆர்லன் வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"வீட்டுக்கு ஓட்டிட்டுப் போப்பா. ரெண்டு கம்பெனியும் ரெண்டு விதமா சொல்லுது. அதை நம்பி ஒரு வாயில்லா ஜீவனைக் கொல்லணுமா? நான் மன்னிச்சுட்டேன்."

வென்டல் ஆர்லனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். அன்று ஆர்லனிடம் கடைக்காரி காபிக்குக் காசு வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், மன்னிக்கத் தெரிந்த ஒரு மனிதரைப் பற்றிப் பேசினார். எல்லோரும் ஆர்லனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அடக்கமாகக் குனிந்துகொண்டார்.

அடுத்த கோடையில் பிஸ்கட் மறுபடி காணாமல் போனது.

ஒரு தடவை மன்னித்தவரிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? வென்டல் குறடும் கம்பியும் எடுத்துக்கொண்டு வேலியோரமாக ஓடினார். தன் பாதி முழுக்கப் பார்த்தார். எங்கேயும் கம்பி விழவில்லை.

திறப்பு இருந்தது ஆர்லனின் பாதியில்.

அங்கே கம்பி அறுந்திருக்கவில்லை. பிஸ்கட் மேல் ஒரு கீறல்கூட விழாதபடி அழகாகச் சுருட்டிக் கம்பத்தில் மாட்டியிருந்தது. அந்தப் பக்கம் வெல்லப்பாகு கலந்த தீவனம் ஒரு வாளி நிறைய இருந்தது.