பூட்டினேனா, இல்லையா?

“ஏங்க, உங்க பாம்பு வெளிய வந்துடுச்சு! பாப்பா தலமாட்டுலயே சுருண்டு கிடக்குது!”

போனில் மனைவி போட்ட கூச்சலில் லிஃப்ட் மெக்கானிக் போனையே நழுவவிடப் பார்த்தான். ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவே, லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் அவன் குந்தியிருந்தான். கட்டடத்தில் கரண்ட் போய், பெட்டி அப்படியே நின்றுவிட்டது. கரண்ட் வந்தால்தான் அவனுக்கு விமோசனம்.

“எப்ப வந்துச்சு?”

“எனக்கென்ன தெரியும்? பின்னாடி துணி காயப்போட்டுட்டு உள்ள வந்து பாக்குறேன், தலகாணிய ஒட்டிப் படுத்திருக்கு. இவ ஒண்ணும் தெரியாம தூங்குறா. எனக்கு உயிரே போகுதுங்க!”

காலையில் பாம்புத் தொட்டியைப் பூட்டினோமா, இல்லையா? மெக்கானிக் மண்டையைப் பிய்த்துக்கொண்டான். தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றியது ஞாபகம் வந்தது, கண்ணாடி மூடியை இழுத்துவிட்டது ஞாபகம் வந்தது. பூட்டியது மட்டும் வருவேனா என்றது.

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பாம்பு வளர்க்க அவன் அனுமதி வாங்கியது லேசுப்பட்ட காரியமா? தொட்டி எட்டாத உயரத்தில் இருக்கணும், பூட்டு தொங்கணும், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவணும், பாப்பா இருக்கிற அறைப்பக்கம் அதைக் கொண்டுவரவே கூடாது. மனைவி போட்ட சட்டத்துக்கெல்லாம் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டியிருந்தான். ஒரு தடவை அது வெளியே வந்தால் தானும் பிள்ளையும் வெளியே போய்விடுவோம் என்பதுதான் அவள் கடைசியாகப் போட்ட சட்டம்.

“பாப்பாவ இழுத்துக்கிட்டு ஓடிடறேன்.”

“ஐயோ, வேணாம்! வெடுக்குன்னு இழுத்தா மிரண்டு பிள்ளமேலயே ஏறிடும். விஷமில்லாத பாம்பும்மா அது. நான் எத்தன தடவ கழுத்துல போட்டுக்கிட்டிருக்கேன், நீ பாத்ததில்ல?”

“அப்ப இப்ப வந்து போட்டுக்கோங்க!” அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மெக்கானிக் எம்பி, தலைக்கு மேலிருந்த ஆறாவது மாடி இரும்புக் கதவைப் படபடவென்று தட்டினான். “யாராச்சும் இருக்கீங்களா? கதவத் தொறங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினான். ஒரு ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை.

“பக்கத்து வீட்டுக்காரரக் கூப்பிடட்டுமா?”

“அவரு கட்டையோட வந்து நிப்பாரு. அடிச்சுக் கொன்னுடுவாரும்மா, பாவம்.”

“கறுத்துப்போன மாதிரி வேற இருக்குங்க.”

“தோல் உரிக்கப்போகுது. அந்த நேரத்துல நிறம் அப்படித்தான் மாறும்.” இந்த விஷயத்தையெல்லாம் அவன் கரைத்துக் குடித்தவன்.

போனில் குழந்தை முனகுவது கேட்டது.

“ஐயையோ, புரளுறா! கைய அதுமேல போடப்போறா!”

“நான் சொல்றத மட்டும் கேளு. துண்டு இருக்கா? எடுத்து அதுமேல மெதுவா போத்து. இருட்டாயிட்டா அடங்கிடும். ரெண்டு கையையும் அடியில கொடுத்து, துண்டோட அள்ளிடு.”

“என்னால முடியாதுங்க.”

“முடியும். எனக்காக வேணாம், பாப்பாவுக்காக. சாயங்காலமே அத யாருக்காவது குடுத்துடறேன், சத்தியமா. உன்னக் கையெடுத்துக் கும்பிடறேன்!” அந்த இருட்டில், எண்ணெய்க் கறை படிந்த சுவரைப் பார்த்து நிஜமாகவே கும்பிட்டான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள் போலிருக்கிறது, அவள் மூச்சிரைப்பு மட்டும் பெரிதாகக் கேட்டது. மெக்கானிக் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டான்.

“அள்ளிட்டேங்க... அள்ளிட்டேன்! துண்டுக்குள்ள லேசா நெளியுது!”

“பாப்பா?”

“தூங்குறா. அவளுக்கு ஒண்ணும் இல்ல.”

போன உயிர் அவனுக்குத் திரும்பி வந்தது. இத்தனை நாளும் கரப்பான்பூச்சிக்கே நாற்காலிமேல் ஏறுகிறவள் என்று இவளைக் கேலி செய்ததற்கு, வீட்டுக்குப் போனதும் காலில் விழுந்தாலும் தகும் என்று நினைத்துக்கொண்டான்.

“என் தங்கம்! இனிமே பயமே இல்ல. அது கடிச்சாக்கூட ஒண்ணும் ஆகாது. இறுக்கிப் பிடிக்காம, அடுத்த ரூமுக்கு எடுத்துட்டுப் போ.”

செருப்பில்லாத காலடிச் சத்தம். கதவு கிறீச்சிட்டது.

“தொட்டிகிட்ட வந்துட்டேன்.”

“மூடியத் தள்ளிட்டு, துண்டோட உள்ள விட்டுடு. அவ்வளவுதான்.”

ஸ்டூலைக் காலால் நகர்த்தி ஏறுகிற சத்தம் கேட்டது.

“என்னம்மா, விட்டுட்டியா?”

இத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்த மூச்சிரைப்புகூட நின்றுபோயிருந்தது. பிறகு அவள் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

“ஏங்க... உங்க பாம்பு தொட்டிக்குள்ளதாங்க இருக்கு.”