நாலு மூலையும் நாற்பத்தொன்று

தரை காய்ந்துவிட்டது என்று கையெழுத்துப் போட மாட்டேன் எனப் பலகைக்கா வெறும் கான்கிரீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மரத்தரை போடுவது அவள் தொழில். அதனால் வந்த பெயர்தான் அது. இந்தக் கூடம் ஓர் ஆஸ்பத்திரியுடையது. கால் உடைந்தவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் மறுபடி நடக்கப் பழகப்போகிற இடம். கான்கிரீட் காய்வதற்கு முன் பலகை போட்டால், கீழே இருக்கும் ஈரத்தில் பலகை உப்பி எழும்பும். போன வருஷம் வேறோர் இடத்தில் அவசரத்துக்குத் தலையாட்டிவிட்டாள். எழும்பிய பலகை தடுக்கி ஒரு பெண்ணுக்கு முட்டி உடைந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

அதனால்தான் இந்த முறை நாலு மூலையிலும் துளை போட்டு, துளைக்கு ஒன்றாக விரல் நீளச் சென்சாரை உள்ளே இறக்கி மூடியிருந்தார்கள். வயரே கிடையாது. உள்ளே எவ்வளவு ஈரம் என்று அதுவே போனுக்குச் சொல்லிவிடும். எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே வந்தால் பலகை போடலாம்.

நேற்று மாலை வரை எந்த மூலையும் தொண்ணூறுக்குக் குறையவில்லை. இன்று காலை நாலும் நாற்பத்தொன்று.

"மெஷினே காஞ்சிடுச்சுன்னு சொல்லுது. உனக்கென்னம்மா வந்துச்சு?" என்றார் முதலாளி. கட்டடம் கட்டும் கம்பெனி அவருடையது. அடுத்த வாரம் திறப்பு விழா, அழைப்பிதழ்கூட அச்சடித்தாகிவிட்டது.

"ஜன்னலோரம் ஒரு மாதிரி காயும், சுவரோரம் ஒரு மாதிரி காயும் சார். நாலு மூலையும் சொல்லி வச்ச மாதிரி நாற்பத்தொண்ணுல வந்து நிக்காது."

"நீ கையெழுத்துப் போடலேன்னா, போடுற ஆளக் கூட்டிட்டு வருவேன்."

"தாராளமா கூட்டிட்டு வாங்க. அவரு வர்ற வரைக்கும் நான் இங்கேயேதான் இருப்பேன்."

சென்சார்களுக்குப் பொறுப்பான இன்ஜினியர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பலகைக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உளியை எடுத்து ஒரு துளையின் மூடியை நெம்பினாள். உள்ளே ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை.

நேரே இன்ஜினியரின் அறைக்குப் போய் மேஜை இழுப்பறையை இழுத்தாள். பூட்டக்கூட இல்லை. உள்ளே ஒரு பிஸ்கட் டப்பா. செருப்புப் பெட்டியில் வருமே, ஈரம் உறிஞ்சும் பொட்டலம், அவற்றோடு நாலு சென்சாரும் சமர்த்தாகப் படுத்திருந்தன.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் படியேறிப் போனது ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரிடம். யார் தடுத்தும் நிற்கவில்லை. அரை மணி நேரத்தில் விழா தள்ளிப்போனது. தரை காயும் வரை யாரும் பலகையைத் தொடக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு வந்தது.

"சொன்ன வேலைய ஒழுங்காச் செய்யத் துப்பில்ல" என்று இன்ஜினியர் மேல் எரிந்து விழுந்துவிட்டு முதலாளி காரில் ஏறினார்.

அவர் போனதும் பலகைக்கா தன் பங்குக்கு ஆரம்பித்தாள்.

"படிச்ச புள்ளதானே நீ? நடக்க முடியாதவங்க விழுந்து எந்திரிச்சு நடக்கப் பழகுற இடத்துல இப்படிப் பண்ண வெட்கமா இல்ல?"

"வெட்கமாத்தான் இருக்குக்கா. மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. உங்களுக்கு வரும்னு தெரியும்." இன்ஜினியர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தான். "இல்லேன்னா, நாலையும் வேற வேற டப்பாவுல வைக்க எனக்குத் தெரியாதாக்கா?"