பூட்டிக் கிடந்த வீடு

"எனக்குத் தெரியாம உங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க எப்போ பொறந்துச்சு?"

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தை மனைவி நீட்ட, பூட்டுக்கடைக்காரர் வாங்கிப் படித்தார்.

'உங்கள் பிள்ளைகள் இருவரும் மூன்று நாளாகப் புத்தகம், நோட்டு எதுவும் இல்லாமல் வருகிறார்கள். உடனே நேரில் வரவும்.' விலாசம், சாட்சாத் அவர் கடை விலாசம்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் வேலை என்று யோசிக்கவே வேண்டாம். கடையை ஒட்டின மாடிப்படிக்கு அடியில் ஒரு வருஷமாகக் குடியிருந்த அக்காவும் தம்பியும்தான். விரட்டி விரட்டி அவருக்குத் தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம். எழுப்பி விரட்ட ஒரு வாளித் தண்ணியை ஊற்றினால், அந்தப் பொண்ணு அதே தண்ணியில் படியைக் கழுவிவிட்டுப் போகும். இந்தக் கூத்தை யாரிடம் சொல்லி அழ?

நாலு நாளைக்கு முன்னால்தான் அந்த இடத்தை அடைத்து இரும்புக் கதவு போட்டு, கடையிலேயே கெட்டியான பூட்டாகப் பார்த்து மாட்டியிருந்தார். விட்டது சனி என்று இருந்தார்.

"விட்ட சனி விலாசத்தோட வந்திருக்கு," என்றாள் மனைவி.

தலைமையாசிரியை அறையில் ரெண்டும் சுவரோரமாக நின்றன.

"டீச்சரம்மா, இதுங்களுக்கும் எனக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல. தினமும் விரட்டுறவனே நான்தான். என் விலாசத்தையே எழுதிக் குடுத்திருக்குதுங்கன்னா என்ன நெஞ்சழுத்தம் பாருங்க."

தலைமையாசிரியைக்கு அலுப்பு. "பொய் விலாசம்னா நான் பேரை அடிச்சாகணும் சார். மேல கேள்வி கேப்பாங்க." பேனாவைத் திறந்தார்.

"பொய் இல்ல டீச்சர். நாங்க அங்கதான் இருக்கோம்," என்றாள் அந்தப் பொண்ணு.

"அப்போ புத்தகத்தைக் கொண்டுவர என்ன கேடு? மூணு நாளா கேக்குறேன், வாயே திறக்க மாட்டேங்கிற."

"புத்தகம் வீட்டுல இருக்கு டீச்சர்."

"போய் எடுத்துட்டு வா."

"வீடு பூட்டியிருக்கு."

"சாவி யார்கிட்ட?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தம்பிதான் கையை நீட்டினான். "இந்த மாமாகிட்ட."

பூட்டுக்கடைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. கதவு போட்ட அன்றைக்கு மூலையில் ஒரு சாக்குமூட்டை கிடந்தது. குப்பைதானே என்று உள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தார்.

"வாயைத் திறந்து கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா, எடுத்துத் தெருவுல எறிஞ்சிடுவீங்கன்னு பயந்தோம் மாமா. உள்ள இருந்தா பத்திரமா இருக்கும்," என்றாள் அக்கா.

தலைமையாசிரியை பேனாவை மூடவில்லை. "சொல்லுங்க சார். பேரை அடிக்கவா, வேண்டாமா?"

"தொல்லை. பெரிய தொல்லை," என்று முணுமுணுத்தபடி அவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவினார். ஒரு சாவியைக் கழற்றி அந்தப் பொண்ணு கையில் திணித்தார்.

"இந்தா. தம்பிக்குச் சாயங்காலம் தனியா ஒண்ணு வெட்டித் தரேன். சாவியைத் தொலைச்சிட்டு வீட்டுக்கு வந்தீங்க, தோலை உரிச்சிடுவேன்."