ராகு காலத்தில் வந்த லாரி

குனிந்து ஒரு ஜல்லியைத் தொட்டான். கையோடு வந்துவிட்டது.

இன்னொன்று. அதுவும் வந்தது.

சாலை போட்ட பிறகு பெய்த முதல் மழை. தெரு முழுக்க ஜல்லி உதிர்ந்து கிடந்தது.

பழைய டயர்களைப் பொடித்துத் தாரில் கலந்து போட்ட சாலை. இந்த நகராட்சியில் இதுதான் முதல். வெயிலில் இளகாது, மழைக்கு அசையாது என்று மேலதிகாரியிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கிய இளம் பொறியாளன் அவன்தான்.

அந்த அதிகாரி இப்போது குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்.

அன்று கலவை லாரி வந்த நேரம் ராகு காலம். அது முடிந்து பூஜை போடாமல் ஒரு கூடைகூடக் கொட்டக்கூடாது என்றார் கவுன்சிலர். அப்படி என்ன தம்பி அவசரம் என்றார்.

ரப்பர் கலந்த கலவைக்குச் சூடுதான் உயிர். சூடு இறங்கிவிட்டால் எத்தனை முறை உருட்டினாலும் இறுகாது. அவனுக்கு அது நன்றாகவே தெரியும். அலுவலகத்தில் ராகு காலம் பார்க்கிறவர்களை வாய் ஓயாமல் கிண்டல் செய்கிறவனும் அவன்தான்.

அன்று அந்த வாய் திறக்கவில்லை. கவுன்சிலரைப் பகைத்துக்கொள்வானேன் என்று ஓரமாகப் பவ்யமாக நின்றான்.

பூசணிக்காய் உடைத்தார்கள். ரோலர் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் கலவைக்குள் வெப்பமானிக் கம்பியை விட்டுச் சூடு பார்த்தான். இறங்கியிருந்தது. லாரியைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

கம்பியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, "கொட்டுங்க" என்றான்.

"கலவை சரியான சூட்டுலதான வந்துச்சு?" குடைக்குள்ளிருந்து அதிகாரி இப்போது கேட்டார்.

"சரியான சூட்டுலதான் வந்துச்சு சார்."

பொய் இல்லை. வரும்போது சூடாகத்தான் வந்தது.

"அப்ப உருட்டுனதுலதான் கோளாறு. அந்த ரோலர் டிரைவர நாளையிலேர்ந்து நிப்பாட்டிருங்க."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினான்.

ஜீப் போய்விட்டது.

ரோலர் டிரைவர் துரைக்கண்ணு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எதிர்ச்சாரியில் நின்றிருந்தார். அவன் அப்பா வயது இருக்கும். மெதுவாகக் கிட்டே வந்தார். உதிர்ந்த ஜல்லியைக் காலால் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

"எம்மேலதான் சார் தப்பு. சக்கரத்துல ஒட்டுதேன்னு தண்ணிய கூடுதலா விட்டுட்டேன் போல. ஒங்க பேரையும் சேத்துக் கெடுத்துட்டேன்."

அவனுக்குக் காது மடல் எரிந்தது. சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

"நான்தாண்ணே..." என்று ஆரம்பித்தான்.

துரைக்கண்ணு நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் சந்தேகம் துளியும் இல்லை.

"நான்தாண்ணே சார்கிட்ட பேசணும். பேசுறேன். இந்த ஒரு தடவ ஒங்கள மன்னிச்சு விடச் சொல்றேன்."

துரைக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. நடுத்தெருவில் நின்று அவனைப் பார்த்துக் கைகூப்பினார்.

"பரவாயில்லண்ணே" என்றான் அவன்.