மானிடோபா மட்டும் வெள்ளை

பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைக் கேட்டதும் மூன்றாம் வகுப்பு மொத்தமும் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தது.

லொரெய்ன் இன்னொரு முறை கேட்டாள். பன்னிரண்டு மூன்று எவ்வளவு?

வைலன் கூரையைப் பார்த்தான். ஒடெட் குனிந்து காலுறையைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

பின்வரிசையில் குழந்தைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால்கள் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்த தலைமையாசிரியர் பெர்கன், மடிக்கணினியில் ஏதோ தட்டினார்.



லொரெய்ன் மாற்று ஆசிரியை. எந்த டீச்சருக்குக் காய்ச்சலோ அந்த வகுப்பில் அன்றைக்கு வேலை. விடிவதற்குள் தொலைபேசி அடித்தால்தான் எந்தப் பள்ளி என்பதே தெரியும். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போன ஃப்ரீசன் டீச்சரின் புண்ணியத்தில், முதல் முறையாக ஒரு குளிர்காலம் முழுக்க ஒரே வகுப்பில் இருக்கக் கிடைத்திருந்தது.

புதுப் பள்ளியாண்டு தொடங்கும் செப்டம்பரில் இந்தப் பள்ளியில் ஒரு நிரந்தர இடம் காலியாகிறது. ஃப்ரீசன் விட்டுப்போன பாடங்களை இவள் முடித்துக் காட்டினாளா என்று பார்க்கத்தான் பெர்கன் வந்திருக்கிறார்.

ஒன்றுகூட முடிந்தபாடில்லை.

அவளுக்குப் பிடிபடாத விஷயம் இதுதான்: இவர்களுக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு தெரியும். காலையில் நடைவழியில் பனிக்காலணிகளைக் கழற்றி வைக்கும்போது ஒடெட் அதைப் பாட்டாகவே பாடிக்கொண்டிருந்தாள். கடைசி வரை, ஒரு தடுமாற்றம் இல்லாமல். லொரெய்னின் தலை தெரிந்ததும் பாட்டை அப்படியே விழுங்கிவிட்டாள்.

“சரி, மேப்புக்குப் போவோமா?” என்றாள் லொரெய்ன், குரலில் இல்லாத உற்சாகத்தை வரவழைத்துக்கொண்டு.

சுவரில் கனடா விரிந்து கிடந்தது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு நிறம். மானிடோபா மட்டும் வெள்ளை. இத்தனை பேரும் பிறந்து வளர்ந்த மானிடோபா.

“நம்ம ஊரை மட்டும் ஏம்பா அம்போன்னு விட்டுட்டீங்க?” என்று பின்னாலிருந்து கேட்டார் பெர்கன்.

“பச்சை கிரேயான் தொலைஞ்சு போச்சு சார்” என்றான் வைலன்.

பச்சை கிரேயான் அவன் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மடிக்கணினியில் மறுபடி ஒரு தட்டல் கேட்டது.

கதை நேரமும் இதே லட்சணம்தான். பனிவண்டி இழுக்கும் நாயைத் தொலைத்துவிட்டுத் தேடிப்போகும் ஒரு சிறுமியின் கதை. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. புத்தகத்தை எடுத்தால் போதும், பாதிப் பேருக்குத் தாகம் எடுக்கும், மீதிப் பேருக்குச் சிறுநீர் முட்டும். நாய் கிடைத்ததா இல்லையா என்று தெரியாமல் எட்டு வயதுப் பிள்ளைகளால் எப்படித் தூங்க முடிகிறது என்று லொரெய்ன் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறாள்.

அறிவியலுக்கு என்று சன்னலோரம் கோப்பைகளில் பீன்ஸ் செடிகள் இருந்தன. நன்றாகத் தழைத்து மொட்டும் விட்டிருந்தன. ஆனால் முந்தின நாள் இருந்த பூ மறுநாள் இருக்காது. காயைக் கண்ணால் பார்த்தபாடில்லை.

எல்லாம் விளிம்பு வரை வருகின்றன. விளிம்பில் நின்றுவிடுகின்றன.

ஃப்ரீசன் டீச்சருக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். நான் வேண்டாதவள், அவ்வளவுதான். நினைக்கும்போதே நெஞ்சு கனத்தது. ஆனாலும் அதையும் மீறி ஓர் ஆவல் குடைந்தது. சாப்பாட்டு வரிசையில் ஒழுங்காக நிற்கத் தெரியாத இந்தக் கூட்டத்துக்கு இத்தனை கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது?

அப்போதுதான் சன்னலோரம் சின்னதாக ஒரு அசைவு தெரிந்தது.

எல்லோரும் மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒடெட் நழுவிப்போய்ச் செடியருகே நின்றிருந்தாள். விரல் நுனியில் ஒரு வெள்ளைப் பூ.

லொரெய்ன் போய் அவள் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கோபப்பட நினைத்தாள். வரவில்லை.

“எதுக்கும்மா பூவைக் கிள்றே? காய்ச்சா எவ்வளவு நல்லா இருக்கும்?”

ஒடெட் பூவை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். வைலனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவளால் அடக்க முடியவில்லை. ரகசியம் சொல்வதாக நினைத்து வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

“இதெல்லாம் முடிச்சு வைங்க பிள்ளைங்களா, முடிஞ்சதும் வந்துடறேன்னு ஃப்ரீசன் டீச்சர் சொல்லிட்டுப் போனாங்க மிஸ். அவங்க வந்துட்டா நீங்க போயிடுவீங்கல்ல?”



லொரெய்ன் மண்டியிட்டபடியே இருந்தாள். இத்தனை மாதங்களாகத் தன்னைத் துரத்துகிறார்கள் என்று நினைத்தாளே, பாவிப் பிள்ளைகள்! சந்தோஷமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அந்த நிரந்தர இடம் என்ன என்று இவர்களிடம் ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் முடிவாகும் வரை வாயைத் திறக்கக் கூடாது என்று பெர்கன் கறாராகச் சொல்லியிருந்தார்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

பெர்கன் மடிக்கணினியை மூடினார். குட்டி நாற்காலியிலிருந்து தன்னைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“ஏம்பா, செப்டம்பர்ல நீங்கள்லாம் எந்த வகுப்பு?”

“நாலாவது சார்.”

“அப்படியா? அந்த நாலாவதுக்குத்தான் டீச்சரைத் தேடிக்கிட்டிருக்கேன்” என்றார் அவர், யாரிடமும் சொல்லாததுபோல், சன்னலுக்கு வெளியே பார்த்தபடி. “இந்த வருஷத்துப் பாடத்தை முடிச்சுக் காட்டறவங்களுக்குத்தான் அந்த வகுப்பு.”

வைலனின் வாய் மெதுவாகத் திறந்தது.

ஒடெட் ஓடிப்போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்தினாள். மேசைமேல் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

“இப்பக் கேளுங்க மிஸ்.”